அதே நம்பர் திரும்ப வந்தால்

முதலாளி இருந்தார். ஆப்பரேட்டர் அக்கா இருந்தார். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த அந்த அம்மா இருந்தார். நான் இருந்தேன். வேறு யாரும் இல்லை. மேசை மேல் ஒட்சிசன் மெஷின் இருந்தது. அந்த அம்மா அதை ஈரத் துணியால் துடைத்து, மூக்கில் மாட்டும் குழாயை வட்டமாகச் சுருட்டி, பழைய சேலைக் கரையால் கட்டிக் கொண்டுவந்திருந்தார். புருஷனுக்குக் கருமாதி முடிந்து மூன்றாம் நாள். வாடகைச் சாமானைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

எங்கள் கடை பேராதனையில், ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோட்டில். வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்குக் கட்டில், வீல் செயார், ஒட்சிசன் மெஷின் வாடகைக்குக் கொடுக்கிறோம். வேன் ஓட்டுவது நான். ஏற்றுவதும் இறக்குவதும் நான். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுதிப் பழக்கமில்லை. அக்காவைப் பற்றி யாரிடமும் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். கல்யாணம் செய்து குண்டசாலைக்கு வந்தவர். பதினொரு வருஷம் எங்கள் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தோட்டத்து ஆட்கள் போனில் காசு வைத்திருப்பது குறைவு. ஒரு ரிங் விட்டு வெட்டிவிடுவார்கள். நீங்கள் திருப்பி எடுத்துப் பேசுங்கள் என்று அர்த்தம். அக்கா அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். ஒரு தரம் அடித்து வெட்டினால் ஆறுதலான விஷயம், அவசரமில்லை. பத்து மணிக்கு மேல் வரிசையாக எடுத்துப் பேசுவார். திரும்பத் திரும்ப அடித்து வெட்டினால் அவசரம். கையில் இருக்கும் தேத்தண்ணியை வைத்துவிட்டு உடனே எடுப்பார். மெஷின் கொடுக்கும்போதே எல்லோருக்கும் இதைச் சொல்லி அனுப்புவார். எந்த நம்பர் யார் வீட்டு நம்பர், எது பக்கத்து வீட்டு நம்பர் என்று ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தார். "சொல்லுங்கோ அம்மா" என்று அவர் கேட்கும்போது, எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் பாதிப் பயத்தை இறக்கி வைப்பது எனக்கே தெரியும். அந்த வீடுகளுக்குப் போகிறவன் நான்.

பிறகு முதலாளி போனை மாற்றினார். இன்டர்நெட்டில் ஓடும் புதுப் போன். மூன்று ரிங் போன பிறகுதான் மேசையில் மணி கேட்கும். அதற்கு முன் வெட்டினால் மேசைக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் போனையும் கடை மெயிலையும் இணைத்துவிட்டால் எல்லாம் தானாக நடக்கும் என்று வெளிநாட்டில் இருக்கும் அவருடைய மருமகன் ஒரு சைட்டைக் காட்டினார். கம்ப்யூட்டர் கோட் எழுதத் தேவையில்லை. திரையில் பெட்டி பெட்டியாக இருக்கும். ஒரு பெட்டியில் 'இது நடந்தால்', அடுத்த பெட்டியில் 'இதைச் செய்'. நடுவில் ஒரு கோடு இழுத்தால் போதும். முதலாளி இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தலைவலி என்றார். நான் கேட்டு வாங்கிச் செய்தேன். மூன்றே நாள். ஆஸ்பத்திரி வார்டிலிருந்து ஓடர் மெயில் வந்தால் என் போனுக்கு மெசேஜ் வரும். மிஸ்ட் கோல் வந்தால் அடித்தவருக்கு 'உங்கள் அழைப்பு கிடைத்தது' என்று ஒரு மெசேஜ் போகும், அக்காவுக்கு ஒரு மெயில் வரும். முதன்முதலாக அது ஓடியபோது சாமான் தூக்கிக் காய்த்த என் கையை நானே பார்த்துக்கொண்டேன்.

"என்னடா எட்டாம் வகுப்பு எஞ்சினியர், என்ர வேலைய உன்ர பெட்டி செய்யுமோ?" என்பார் அக்கா.

"ஓம் அக்கா" என்பேன், அவர் பேச்சிலேயே.

"ஓம் எண்டு சொல்லப் பழகினாப் போதாது. அங்கால மூச்சு வாங்குறது உன்ர பெட்டிக்குக் கேக்குமோ?"

சிரித்தோம். இரண்டு பேரும்தான்.

ஒரு கிழமையில், ஏழே நாளில், மெயில் நிரம்பியது. ஒரே நம்பரிலிருந்து ஐந்து, ஆறு. ஓடர் மெயில் அதற்குள் புதைந்து போகிறது என்று முதலாளி கத்தினார். நான் நடுவில் இன்னொரு பெட்டி போட்டேன். அதே நம்பர் அதே நாளில் திரும்ப வந்தால், விட்டுவிடு, மெயில் போட வேண்டாம். அக்கா திரையை எட்டிப் பார்த்தார். "தம்பி, ரெண்டாம் தரம் அடிக்கிறதுதான் அவசரம். அதை வெட்டாதை" என்றார். "முதலாளி சொன்னாரு அக்கா. அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். பார்க்கவில்லை. பெட்டி என்னுடையது என்ற மிதப்பு.

பிறகு ஒரு மாசக் கடைசியில், காலையில், அந்த அம்மாவின் வீட்டு மெஷின் ஒரு கத்துக் கத்திவிட்டு நின்றது. அவர் அக்கா சொல்லிக் கொடுத்தபடி அடித்தார், வெட்டினார், அடித்தார். அக்காவுக்கு ஒரு மெயில் வந்தது. மாசக் கடைசியில் மெஷினின் பில்டரை மாற்றக் கேட்டு அந்த நம்பரிலிருந்து ஒரு ரிங் வருவது வழக்கம். அக்கா அதை வரிசையில் வைத்தார். பத்து மணி தாண்டி எடுத்தபோது போன் வேலை செய்யவில்லை. சார்ஜ் தீர்ந்த போனோடு, அந்த அம்மா புருஷனைத் த்ரீவீலில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த நேரம் நான் கம்பளையில் ஒரு கட்டிலை இறக்கிவிட்டு பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து அவர்கள் வீட்டுக்கு முக்கால் மணிநேரம் போதும். வேனில் ஒரு மெஷின் மிச்சம் இருந்தது.

நாலாம் நாள் அந்த அம்மாவின் புருஷன் செத்துப் போனார்.

"எப்படியும் ரொம்ப நாளு தாங்காதுன்னு டாக்டரு சொன்னாருங்க" என்றார் அந்த அம்மா, கடையில் நின்றுகொண்டு. யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. முதலாளி கேட்டதால்தான் சொன்னார். "ஒரு தடவ அடிச்சா இந்தம்மா மெதுவா எடுப்பாங்க. அடிச்சுக்கிட்டே இருந்தா ஒடனே எடுப்பாங்க. அதான் அடிச்சுக்கிட்டே இருந்தேங்க. எத்தன தடவன்னு எண்ணல."

முதலாளி அக்காவைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்டுதான் வந்தது" என்றார் அக்கா.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏன்டா, சிஸ்டம் சரியா வேல செஞ்சுதா இல்லியா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அவர் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல நாள் நினைத்துக்கொண்டேன். அது பொய். நான் அந்தச் சுருட்டிய குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரியாத்தான் செஞ்சுது முதலாளி."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. நான் சொல்லி வைத்ததை அது அப்படியே செய்திருந்தது.

"அப்ப நீங்கதான் பாக்கல" என்றார் முதலாளி அக்காவிடம். அக்கா மறுத்துப் பேசவில்லை. அடுத்த மாசம் வரத் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டார் முதலாளி. கடைசி நாள் சீ.ஆர். கொப்பியை மேசையில் வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நான் பின்னால் போனேன். கடைசிப் படியில் நின்று ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தப் பெட்டிய எடுத்திட்டியே?"

"எடுத்துட்டேன் அக்கா."

"சரி. மற்ற ஆக்களும் இருக்கினம்."

குண்டசாலை பஸ் பிடிக்கப் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

பெட்டியை நான் எடுத்தது அந்தக் கடைசி நாளில் இல்லை. அந்த அம்மா வந்துபோன அன்றே, முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் எடுத்துவிட்டேன். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு சில நாள் சமாதானமாக இருந்தேன். அதுவும் விட்டுப்போனது. அக்கா விஷயத்தில் பிடித்துக்கொள்ள அதுபோல் ஒன்றும் இல்லை.

இப்போது அக்காவின் கதிரையில் மாஸ்க் பெட்டிகளை அடுக்கியிருக்கிறோம். என் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டி, சிஸ்டத்தை முழுக்க என் பொறுப்பில் விட்டிருக்கிறார் முதலாளி. போன மாசம் கண்டி டவுனில் பஸ் ஸ்டாண்டில் அக்காவைக் கண்டேன். "சுகமே தம்பி?" என்று கேட்டார். "சுகம் அக்கா" என்றேன். பஸ் வந்துவிட்டது.

அந்த மெஷினைத் திருத்தி மறுபடி வாடகைக்கு விட்டோம். இந்தக் கிழமை கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டிலிருந்து திரும்பி வந்தது. அதே மேசையில் வைத்துத் துடைத்தேன். குழாய் புதியது. சுருட்டிக் கட்டினேன். பிறகு சைட்டைத் திறந்தேன். பெட்டியை எடுத்தாலும் அது செய்த வேலையின் பட்டியல் அங்கே கிடக்கிறது. தேதி, நேரம், நம்பர், பக்கத்தில் 'நிறுத்தப்பட்டது'. இதுவரை அதைத் திறந்ததில்லை. அந்த அம்மாவின் நம்பரிலிருந்து அன்று காலை எட்டு முப்பத்தைந்துக்கு வந்த முதல் ரிங் மெயிலாகப் போயிருக்கிறது. அதற்குப் பிறகு வந்தவற்றை விரல் வைத்து எண்ணினேன். தப்பாக எண்ணிவிட்டேனோ என்று இரண்டாம் தரமும் எண்ணினேன்.

பதினான்கு.