போடாத கடைசி ரீல்

ஆம்பூரில் நான் வார்டனாக இருந்த அனாதை இல்லத்துக்குப் புரொஜெக்டரோடு வந்தவர் அவர்; ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்குப் படம் காட்டுகிறவர். ஒல்லியான ஆள், வெளுத்த காக்கிச் சட்டை. ஒவ்வொரு ரீலுக்கும் முன்னால், தோல் பதனிடும் ஷாப்பில் கழித்துப் போட்ட மெத்தென்ற ஆட்டுத்தோல் துண்டால் லென்ஸைத் துடைப்பார்.

அன்று மத்தியானம் ஜன்னல்களைப் போர்வையால் மூடிவிட்டு ஒரு கார்ட்டூன் படம் போட்டார். தெருவில் வாழும் அனாதைப் பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து, படையெடுத்து வந்தவர்களிடமிருந்து தங்கள் நகரத்தைக் காப்பாற்றும் கதை. எதிரிகள் ஓடியதும் எங்கள் பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் மெஷினை நிறுத்திவிட்டார். பெட்டியில் அதே படத்தின் இன்னொரு ரீல் அப்படியே இருந்தது.

"அதைப் போடலியா?" என்றேன்.

"ஸ்கூல்ல போடுவேன் மிஸ். இந்த மாதிரி ஹோம்ல போடறதில்ல. அதுல ஊர்க்காரங்க வந்து, ஆளுக்கொரு புள்ளையா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்டுவாங்க."

சொல்லிவிட்டு, வேலை முடிந்த லென்ஸை மறுபடியும் துடைத்தார். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. போர்வைகளை அவிழ்த்து மடித்தேன்.

அவர் போன பிறகு, சாப்பாட்டு வரிசையில் ஒருத்தி கேட்டாள்: "படத்துல வந்த அந்தப் பசங்க இப்போ இன்னா பண்றாங்க மிஸ்?"

"இன்னும் ஊரைக் காவல் காத்துனு இருக்காங்க" என்றேன்.