நாற்பதைத் தாண்டாத கார்

பைபாஸ் ரோட்டு ரயில்வே பாலத்தில், பாதி ஏற்றத்திலேயே செல்லக்கிளியின் கார் முனக ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தாள். முனகல் கூடியதே தவிர வேகம் கூடவில்லை. மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கினாள். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. கடைசியில் ஒதுங்கி முந்திப் போகையில், "யக்கா, எறங்கித் தள்ளட்டா?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டும் போனான். ஆட்டோவுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

இடது சீட்டில் இருந்த அவள் புருஷன் சின்னான் மட்டும் சிரிக்கவில்லை.

"வயசாயிருச்சு புள்ள," என்றார்.

"யாருக்கு?"

"வண்டிக்குத்தான்."

செல்லக்கிளிக்கு ஐம்பத்து மூன்று வயது. மதுரை கோச்சடையில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். வீட்டில் எது நின்றுபோனாலும் பிரித்துப் பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. மிக்சி, தண்ணி மோட்டார், சாமி படத்துக்கு மேலே சுற்றும் சீரியல் லைட் எல்லாம் அவள் கையில் ஒருமுறையாவது நட்டு நட்டாகக் கழன்று மறுபடி ஒன்று சேர்ந்தவைதான். ஓசூரில் வேலை பார்க்கும் மகள் பவதாரிணி ஊருக்கு வந்தால், "அம்மா கண்ணுல படுற மாதிரி என் லேப்டாப்ப வச்சுராதீங்கப்பா," என்பாள். போன வருஷம் டிரைவிங் கற்று, லைசென்ஸும் வாங்கி, பக்கத்துத் தெரு ரிட்டயர்டு நர்ஸம்மாவிடமிருந்து இந்தக் காரையும் வாங்கிவிட்டாள். கார்புரேட்டர் காலத்துச் சின்னக் கார். பானெட்டைத் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். அதற்காகவே வாங்கினாள்.

சின்னான் முப்பது வருஷம் மதுரை–திருச்சி ரூட்டில் தனியார் பஸ் ஓட்டியவர். சர்க்கரை ஒரு கண்ணைப் பாதி தின்றுவிட்டதால் டாக்டர் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் இடது சீட்டு. அங்கே உட்கார்ந்தாலும் அவருடைய வலது கால் சும்மா இருக்காது. எதிரே மாடு வந்தால் ஒரு மிதி, லாரி வந்தால் இரண்டு மிதி. இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து அந்தப் பக்கத்து ரப்பர் மேட்டில் ஒரு ஓட்டையே போட்டுவிட்டார்.

டீக்கடையில் அவர் இன்றைக்கும் மனசு ஆறாமல் ஒரு கதை சொல்வார். ஒரு சமயம் பஸ் முதலாளி டீசலை மிச்சம் பிடிக்க, டீசல் பம்ப்பில் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் கட்டிப்போட்டு, மேலே சீலும் வைத்துவிட்டாராம். மேலூரைத் தாண்டுவதற்குள் மற்ற கம்பெனி பஸ்ஸெல்லாம் முந்திப் போய்விடுமாம். "டிரைவர் கால நம்பாதவனுக்கு எதுக்குடா பஸ்ஸு?" என்று முடிப்பார். கேட்டவர்கள் டீயை உறிஞ்சிக்கொண்டே ஆமாம் போடுவார்கள். செல்லக்கிளி இந்தக் கதையை எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்பதற்குக் கணக்கே கிடையாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. கொட்டாம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊர். அந்த ஊரின் பெரிய தெருவில் அவளுடைய அப்பா சைக்கிளை ஓட்டிப் போனதே இல்லை. தெருமுனையில் இறங்கி, தெரு முடியும்வரை தள்ளிக்கொண்டே போய், அப்புறம்தான் ஏறுவார். அவர்கள் சாதி ஆட்கள் அங்கே ஏறிப்போகக்கூடாது என்று மேல்சாதிக்காரர்கள் வைத்திருந்த காலம் அது. கேரியரில் உட்கார்ந்திருந்த சிறுபிள்ளை செல்லக்கிளியும் கூடவே இறங்கி நடப்பாள். இப்போது அந்தக் கட்டெல்லாம் போய்விட்டது. ஆனாலும் அந்தத் தெருவுக்குள் தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போகவேண்டும் என்று அவளுக்கு வெறியே இருந்தது. ஏற்றத்தில் முனகி, நடுத்தெருவில் நின்று, யாராவது தள்ளிவிடும்படி ஆகிவிட்டால் அதைவிட மானக்கேடு வேறு இல்லை.

மறுநாள் காலை தையலை ஒதுக்கிவைத்துவிட்டு பானெட்டைத் திறந்தாள். பானெட் திறந்த சத்தம் கேட்டதும் தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் வந்து பார்த்து, இன்ஜின் தேய்ந்துவிட்டது, இறக்கித்தான் ஆகணும் என்றார். சின்னான், "அதான், அதான்," என்றார். மாவு மில்காரர் பெட்ரோலில் தண்ணி என்றார். சின்னான் அதற்கும் தலையாட்டினார். மாடி வீட்டு காலேஜ் பையன் போனில் எதையோ பார்த்து, சைலன்ஸர் அடைத்திருக்கும் என்றான். "தம்பி சொல்றது கரெக்டு," என்றார் சின்னான். "எதுன்னாலும் செலவுதான். பேசாம வித்துரலாம்."

செல்லக்கிளிக்கு இங்கேதான் முதல் சந்தேகம் வந்தது. வண்டி விஷயத்தில் எவன் என்ன சொன்னாலும் "நீ எத்தன வருஷம் ஸ்டீயரிங் புடிச்ச?" என்று மல்லுக்கு நிற்கிற மனுஷன், ஒரே காலையில் மூன்று பேருக்கு ஆமாம் போட்டிருக்கிறார்.

வந்தவர்கள் கலைந்ததும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏர் ஃபில்டரைக் கழற்றி வெயிலில் பிடித்தாள். சுத்தமாக இருந்தது. பிளக்குகளைக் கழற்றினாள். கரி பிடிக்காமல், பிஸ்கட் நிறத்தில் நன்றாகவே இருந்தன. ஒருவேளை பிரேக் பிடித்துக்கொண்டு வண்டியை இழுக்கிறதோ என்று கியரை நியூட்ரலில் போட்டு ஒற்றைக் கையால் தள்ளினாள். சமதரையில் கார் சமர்த்தாக உருண்டது. சைலன்ஸர் வாயில் உள்ளங்கையைக் காட்டினாள். காற்று நன்றாகவே வந்தது.

கடைசியில் இன்ஜினை ஓடவிட்டு, கார்புரேட்டரில் ஆக்சிலேட்டர் கேபிள் வந்து மாட்டியிருக்கும் சின்ன லீவரை விரலாலேயே இழுத்துவிட்டாள். கார் உறுமிய உறுமலில் மதில்மேல் படுத்திருந்த பூனை எழுந்து ஓடியது. ஆக, இன்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை.

"ஏங்க, உள்ள உக்காந்து ஆக்சிலேட்டர முழுசா மிதிங்க," என்றாள்.

சின்னான் உட்கார்ந்தார். "மிதிச்சுட்டேன்."

"முழுசாவா?"

"முழுசாத்தான் புள்ள. என்னைய சந்தேகப்படுறியா?"

லீவர் பாதிதான் திறந்தது. அவர் டீக்கடைக்குப் போனபிறகு இன்ஜினை அணைத்து, அடுப்படியிலிருந்து அம்மிக் குழவியைத் தூக்கிவந்து பெடலின் மேல் வைத்தாள். குழவிக்குப் பொய் சொல்லத் தெரியாது. அப்போதும் லீவர் பாதிதான் திறந்திருந்தது. விரலால் தள்ளினால் மீதிப் பாதியும் திறக்கிறது. கேபிளைத் தொட்டுப் பார்த்தாள். கொடியில் காயப்போட்ட நாடா மாதிரித் தொளதொளவென்று தொங்கியது.

கேபிளைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளையும் குனிந்து பார்த்தாள். சுற்றியிருந்த எல்லாவற்றிலும் பல வருஷத்து அழுக்கு. அந்த இரண்டு நட்டில் மட்டும் அழுக்கு உரிந்து, ஸ்பேனர் பிடித்த தடம் பளபளவென்று இருந்தது. தானாகக் கழன்றால் தடம் விழாது. அவள் அந்தப் பக்கம் ஸ்பேனரைக் கொண்டுபோனதே இல்லை. அந்த வீட்டில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த இன்னொரு கை ஒன்றுதான்.

வந்த கோபத்துக்கு அவர் கடையிலிருந்து திரும்பியிருந்தால் அன்றைக்கு ஒரு வழி ஆகியிருப்பார். நல்லவேளை, டீக்கடைக்குப் போனவர் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. அதற்குள் அவளுக்குப் போன மாதம் ஞாபகம் வந்தது. ஒத்தக்கடை தாண்டி ஒரு டிப்பர் லாரியை அவள் ஒரே அழுத்தில் முந்தினாள். சின்னான் கதவுக் கைப்பிடியைப் பிடித்தவர் வீடு வரும்வரை விடவில்லை. ராத்திரி சாப்பிடவும் இல்லை. அந்த ரோட்டில் முப்பது வருஷம் ஓடியவர். முந்தப் போய்ச் சிதைந்துகிடந்த வண்டிகளை எத்தனையோ பார்த்திருப்பார். பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளே மெதுவாகப் போயிருப்பாள். ஆனால் சின்னான் டிரைவராச்சே, எப்படிச் சொல்வார்? முதலாளி செய்த வேலையையே பெண்டாட்டிக்குச் செய்துவிட்டார்.

நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கேபிளை இழுத்துவைத்து இரண்டு நட்டுகளையும் இறுக்கினாள். தடத்தின் மேல் கொஞ்சம் கிரீஸையும் அழுக்கையும் தடவினாள். குழவியைக் கழுவி வைத்துவிட்டுத் தைக்க உட்கார்ந்தாள்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் சின்னான்.

"ஒன்னும் புரியல. வயசாயிருச்சு போல."

"நாந்தேன் சொன்னேன்ல," என்று சந்தோஷமாகச் சட்டையைக் கழற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வளையல் பெட்டியும் பலகாரத் தட்டுகளும் பின்சீட்டில் ஏறின. மாட்டுத்தாவணி நெரிசல் கழிந்து நாலுவழிச் சாலையில் ஏறியதும் செல்லக்கிளி காலைப் பூப்போல வைத்தாள். முள் நாற்பதில் நின்றது. ஒரு லாரி முந்திப் போனது. ஒரு வேன் போனது. வைக்கோல் ஏற்றிய மினி டெம்போகூடப் போனது.

"நாப்பதுதான் புள்ள நல்ல ஸ்பீடு," என்று சின்னான் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார். "பெட்ரோலும் மிச்சம்."

மேலூரைத் தாண்டியபோது பின்னால் ஒரு ஹாரன் கேட்டது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. சின்னான் விறைத்து நிமிர்ந்தார். அது அவர் ஓட்டிய அதே கம்பெனி பஸ். பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது. படியில் தொங்கியபடி கண்டக்டர் சிவபாண்டி குனிந்து பார்த்தான். இருபது வருஷம் அவரோடு ஓடியவன்.

"அட, சின்னாண்ணே! என்னண்ணே, பொணத்துக்குப் பின்னாடி போற மாதிரி வாரீக? கயிறு கட்டி இழுத்துட்டுப் போகவா?"

பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். பஸ் உறுமிக்கொண்டு முன்னால் போனது.

சின்னானின் காது சிவந்துவிட்டது.

"மிதி புள்ள!"

"மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். இழுக்கலயே."

"நல்லா மிதி! அவன் போறான் பாரு!"

"வண்டிக்கு வயசாயிருச்சுங்க. நீங்கதான் சொன்னீக. நாப்பதுதான் நல்ல ஸ்பீடுன்னும் சொன்னீக."

பஸ் சின்னதாகிக்கொண்டே போனது. சின்னான் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பானெட்டைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ஓரமா நிப்பாட்டு. அது… கேபிளு கொஞ்சம் லூசா இருக்கும். ரெண்டு நிமிஷம், நான் டைட் வச்சுத் தாரேன்."

"லூசா இருக்குறது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாந்தேன் லூஸ் பண்ணேன்! போதுமா? ஒனக்கு ஒன்னு ஆயிருமோன்னு பயமா இருந்துச்சு புள்ள. நீ பாட்டுக்கு டிப்பர் லாரியெல்லாம் முந்துற. எனக்கு ஈரக்கொலையே நடுங்குது. சீட்டுக்கடியில ஸ்பேனர் இருக்கு, நிப்பாட்டு மொதல்ல, அவன் போயிருவான்!"

"ஸ்பேனர் வேணாம்," என்றாள் செல்லக்கிளி. "புதன்கிழமையே டைட் வச்சாச்சு."

சின்னான் வாயைப் பிளந்தார். "அப்ப இம்புட்டு நேரம் நாப்பதுல வந்தது?"

"என் காலுதான். டிரைவர் கால நம்பாதவனுக்கு எதுக்குங்க காரு?"

சொல்லிவிட்டு கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். ஒருதரம் திரும்பியும் பார்த்துக்கொண்டாள். ரோடு காலியாக இருந்தது. இண்டிகேட்டரைப் போட்டு மிதித்தாள். கார் ஒரு துள்ளுத் துள்ளிப் பாய்ந்தது. பின்சீட்டில் வளையல்கள் கலகலத்தன. பஸ்ஸை நெருங்கி, பக்கத்தில் போய், முந்தும்போது சின்னானின் வலது கால் ஓட்டை விழுந்த ரப்பர் மேட்டை அழுத்திக்கொண்டிருந்தது. இந்தமுறை அது பிரேக் இல்லை. டிரைவர் பக்கம் வந்து எட்டிப் பார்த்த சிவபாண்டிக்கு ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி டாட்டாவும் காட்டினார்.

கொட்டாம்பட்டியில் திரும்பி ஊருக்குள் நுழைந்ததும் செல்லக்கிளி மறுபடி முதல் கியருக்கு வந்துவிட்டாள். பெரிய தெரு. தெருமுனையில், அவளுடைய அப்பா சைக்கிளிலிருந்து இறங்குகிற இடத்தைக் கார் ஊர்ந்து கடந்தது. வாசல்களில் நின்றவர்கள் யார் வருவது என்று குனிந்து பார்த்தார்கள்.

"இங்க ஏன் புள்ள உருட்டுற? வண்டிதான் நல்லா இழுக்குதே," என்றார் சின்னான்.

"இந்தத் தெருவுல மெதுவாத்தான் போகணும். எல்லாரும் பாக்கட்டும்."

சின்னான் இடது சீட்டிலிருந்து எட்டி ஸ்டீயரிங்கின் நடுவில் கையை வைத்து ஹாரன் அடித்தார். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு.