ராத்தாவின் முப்பத்து நான்கு முகங்கள்

வாப்பாவின் தம்பியான எங்கள் சாச்சாவுக்குக் கம்பளையில் புடவைக்கடை. கடை மூடினால் கேமராதான். பூனையையும் கேத்தலையும் விதவிதமாகப் படம் பிடிப்பார். குளியலறையை இருட்டாக்கி அவரே பிலிம் கழுவுவார்.

அந்த வருடம் எனக்கு மூத்தவளான ராத்தாவுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்க இடம் கிடைத்திருந்தது. வாப்பாவுக்கு ஜித்தாவில் மாப்பிள்ளை கிடைத்திருந்தார். "குமர்ப் புள்ளட போட்டோ ஸ்டூடியோவுக்குப் போகப்படாது" என்று வாப்பா சாச்சாவைப் பிடித்தார். மாப்பிள்ளையின் மாமா சனிக்கிழமை விடியற்காலையில் ஜித்தா போகிறார். அதற்குள் படம் அவர் கைக்குப் போக வேண்டும். சாச்சாவிடம் இருந்தது முப்பத்தாறு படம் எடுக்கும் ஒரே பிலிம்.

வியாழன் மாலை அதைப் போட்டு, பூனையை இரண்டு படம் எடுத்துப் பார்த்தார். பூனை உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க நான் கேமராவின் முதுகைத் திறந்தேன். பூனை இல்லை, பழுப்பு நாடாதான் பளபளத்தது. மூடிய பிறகுதான், பிலிமில் வெளிச்சம் பட்டால் எல்லாம் போச்சு என்று சாச்சா சொன்னது நினைவுக்கு வந்தது. எனக்கு எதுவும் அந்த வரிசையில்தான் நினைவுக்கு வரும்.

வெள்ளி காலை ராத்தாவை ஜன்னலோரக் கதிரையில் இருத்தினார்கள். நிழல் விழுந்த கன்னத்துக்கு வெளிச்சம் திருப்ப, வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சாச்சா என்னிடம் தந்தார்.

"ஆடாம புடிடா. அவட மொகத்துல வெளிச்சம் அலையடிக்குது."

ஆடியது விரிப்பு அல்ல, நான். பூனை போக முப்பத்து நான்கு படம். ராத்தா ஒன்றுக்கும் சிரிக்கவில்லை.

ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் அவசரத்தில் சாச்சா கேமராவை அப்படியே அலுமாரியில் வைத்தார். பள்ளிவாசலில் நான் கேட்ட துஆ அந்த வயதுக்கு மிக நீளம். பக்கத்திலிருந்தவர் என்னை நல்ல பிள்ளை என்று நினைத்திருப்பார்.

மாலையில் கழுவிய பிலிமைச் சாச்சா தூக்கிக் காட்டினார். முதலிலிருந்து கடைசிவரை தார் ரோடு மாதிரிக் கறுப்பு.

"வெளிச்சம் பட்டீக்கி. ஆரு தொறந்த?"

வாப்பா எழுந்தார். நான் சாச்சாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"நான்தான் வாப்பா" என்றாள் ராத்தா.

வாப்பா ஒரு மாதம் அவளுடன் பேசவில்லை. ஜித்தாப் பேச்சும் அத்தோடு நின்றது. என் உயிரைக் காத்தவளுக்கு, அவள் பேராதனைக்குப் போகும்வரை நான் செருப்புத் துடைத்தேன். பெருநாளுக்குச் செய்த இனிப்பு வட்டிலப்பத்தில் என் பங்கையும் கொடுத்தேன். ஒரு கேள்வியும் கேட்காமல் சாப்பிட்டாள்.

இத்தனை வருடம் கழித்து, போன மாதம் எனக்கும் சாச்சாவின் கேமராப் பைத்தியம் பிடித்து ஒரு பழைய கேமரா வாங்கினேன். இரண்டு படம் எடுத்ததும் கைதவறித் திறந்துகொண்டது. பதறி மூடி, மீதியையும் எடுத்துக் கழுவக் கொடுத்தேன். முதல் சில படங்கள்தான் கறுத்திருந்தன. மற்றதெல்லாம் தெளிவாக வந்திருந்தது. எடுக்காத பிலிம் தன் டப்பாவுக்குள் பத்திரமாக இருக்குமாம். எல்லாம் கறுக்க வேண்டுமானால், எடுத்து முடித்த பிறகு மொத்தத்தையும் உருவி வெயிலில் காட்ட வேண்டுமாம்.

வீட்டு ஆண்களெல்லாம் ஜும்ஆவில் இருந்த அந்த ஒரு மணித்தியாலம் நினைவுக்கு வந்தது. ராத்தாவுக்கு போன் எடுத்து என் குற்றத்தைச் சொன்னேன்.

"அப்ப நீயுமா தொறந்த?" என்றாள். "நான் நெனச்சேன், ஒனக்கு வட்டிலப்பம் புடிக்காதெண்டு."