கரும்பு வண்டிகளுக்கு நடுவே எங்கள் சைக்கிள்

மூங்கில்துறைப்பட்டு ஆலையில் அரவை தொடங்கிவிட்டால் எங்கள் ஊர் ரோடு எங்களுடையதாக இருக்காது. விடிந்ததிலிருந்து கரும்பு டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். டிரெய்லரின் இரண்டு பக்கமும் கரும்பு துருத்திக்கொண்டிருக்கும். அந்த ரோட்டில்தான் நான் என் மகளைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோவேன். ஒன்றாம் வகுப்பு படித்தாள். அவளை விட்டுவிட்டு அப்படியே களை வெட்டப் போய்விடுவேன். கணவர் பெங்களூரில் கட்டட வேலை. காலை பஸ் எங்கள் ஊரில் நின்றால் அதிசயம்.

தை மாதத்தில் ஒரு நாள், வழக்கம்போல ஓரத்தோரமாகப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்த டிராக்டர் தாண்டும்போது, வெளியே நீட்டிய கரும்பு என் தோளில் இடித்தது. இன்னும் ஒதுங்கினேன். தார் உடைந்து, கீழே பள்ளம். சக்கரம் சரிந்து இருவரும் விழுந்தோம். மகளின் கால் பின்சக்கரக் கம்பிகளுக்குள் போய்விட்டது. எலும்பு முறியவில்லை. கணுக்காலில் தோல் உரிந்து ரத்தம் கொட்டியது. டிராக்டர் நிற்கவே இல்லை.

சாயங்காலம் கணவரின் அண்ணன் வந்தார்.

"பொம்பளைக்கு இன்னாத்துக்கு மெயின் ரோட்டுல சைக்கிளு? புள்ளைய கொன்னுட்டுதான் வுடுவியா? ஒரு வருசம் வூட்டுல இருக்கட்டும், அப்பறமா சேத்துக்கலாம்."

"இடிச்சவன ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல மாமா. எங்கள மட்டும் வூட்டுல ஒக்கார சொல்றீங்க."

"எதுத்துப் பேசறதுல மட்டும் கம்மி இல்ல," என்று எழுந்து போய்விட்டார்.

பயம் எனக்கும் இருந்தது. கண்ணை மூடினால் சக்கரத்தில் சிக்கிய கால்தான் தெரிந்தது. அதனால்தான், காயம் ஆறுவதற்கு முன்பே, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பாயின் சைக்கிள் கடைக்குப் போனேன்.

"காலு உள்ள போவக் கூடாது பாய். வண்டி ஆடினாலும் புள்ள விழக் கூடாது."

முதுகு சாய்க்க ஒரு இரும்புச் சீட், இடுப்புக்கு ஒரு பெல்ட், கால் வைக்கக் கட்டை, சக்கரத்தின் இரு பக்கமும் கம்பி வலை, எல்லாம் வைத்துக் கொடுத்தார். வலப்பக்கம் ஒரு மூங்கில் குச்சியை வெளியே நீட்டிக் கட்டச் சொன்னேன். அதன் நுனியில் என் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியைக் கட்டினேன். பாய் சிரித்தார்.

"லாரிக்காரன் திட்டுவாம்மா."

"திட்டட்டும் பாய். திட்டறவன் எங்கள பாத்துட்டான்னுதான அர்த்தம்?"

அன்றிலிருந்து ஓரத்தை விட்டேன். உடைந்த தாரிலிருந்து நன்றாக உள்ளே தள்ளியே ஓட்டினேன். அகலமான இடம் வந்தால் நானே இறங்கி வழி விடுவேன். மற்ற இடத்தில் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் நகர மாட்டேன்.

ஒரு காலையில் சின்னப் பாலத்துக்கு முன்னால் ஒரு டிராக்டர் முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரனை விடாமல் அழுத்தியது. அங்கே ரோடு குறுகல்.

"அம்மா, எறங்கிடலாம்மா," என்று மகள் என் இடுப்பைப் பிடித்தாள்.

"இங்க எறங்கினா பள்ளம். கெட்டியா புடிச்சிக்க."

பாலம் தாண்டி, புளியமரத்தடியில் இடம் விரிந்த பிறகுதான் இறங்கினேன். டிரைவர் நடுரோட்டிலேயே வண்டியை நிறுத்திவிட்டுக் குதித்தார்.

"ஏம்மா, அடச்சிக்கினு போறியே, உங்கப்பன் வூட்டு ரோடா?"

ஸ்டாண்டு போட்டு, மகளை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

"உங்கப்பன் வூட்டு ரோடும் இல்ல. அந்தப் பள்ளத்துல நீ வண்டிய எறக்குவியா? மாட்ட, குட சாஞ்சிடும். புள்ளையோட நான் மட்டும் எறங்கணுமா?"

"ஆலைல லைன்ல எடம் போயிடும், நேரமாவுதுல்ல?"

"இவளுக்கும் ஸ்கூலுக்கு நேரமாவுது."

பின்னால் பஸ்ஸும் மற்ற டிராக்டர்களும் கத்தின. அவர் பதிலுக்கு வாயெடுத்தவர், மகளின் காலில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்தார்.

"காலுல இன்னா?"

"உன் வண்டி மாரி ஒண்ணு. கரும்ப நீட்டிக்கினு வந்துது."

டிரெய்லர் பக்கம் போனார். நீட்டிக்கொண்டிருந்த கரும்புகளில் கைக்கு எட்டியதை உள்ளே தள்ளினார், தள்ள முடியாததை ஒடித்துப் போட்டார். முணுமுணுத்துக்கொண்டே ஏறிப் போய்விட்டார். அடுத்த நாளும் ஹாரன் அடித்தார். தூரத்திலிருந்தே அடித்தார், புளியமரம் வரும்வரை பின்னாலேயே வந்தார்.

சண்டை நடந்த அன்று நான் வீடு திரும்புவதற்குள் கணவரின் அண்ணனுக்குச் சேதி போயிருந்தது. நடுரோட்டில் ஆம்பிளையிடம் சண்டை போட்டு மானத்தை வாங்கிவிட்டேனாம். சில டிரைவர்கள் கெட்ட வார்த்தை சொன்னார்கள். ஒருவன் காறித் துப்பினான். மகள் கொஞ்ச நாளில் பயம் தெளிந்து, பின்னால் திரும்பிப் பார்த்து எனக்குச் சொல்லத் தொடங்கினாள்: "அம்மா, லாரி வருது, இன்னும் தூரமாத்தான் கீது. நீ போ."

சித்திரையில் அரவை நின்றபோது அவள் ஒன்றாம் வகுப்பை முடித்திருந்தாள்.