கம்பைலர் மிச்சப்படுத்திய நேரம்

ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்லும் போடி ஊர் ஜீப்புகளுக்காக ஒரு செயலி எழுதியிருந்தேன். மாலையில் யார் இன்னும் ஏறவில்லை என்று ஓட்டுநருக்கு அது காட்டும். நிரலைத் திருத்தினால், கம்பைலர் என்னும் மென்பொருள் அதை இயங்கும் செயலியாக மாற்ற இருபது நிமிடம் ஆகும். அதற்குள் எழுதியதை மறுபடி வாசித்துவிடுவேன். கம்பைலரின் புதிய பதிப்புக்கு ஒரே நிமிடம்தான். அது வந்த அன்று, திருத்தியதை வாசிக்காமலே ஓட்டுநர்களுக்கு அனுப்பினேன்.

அன்று மாலை, ஒரே பெயருள்ள இரு பெண்களைச் செயலி ஒருவராக எடுத்துக்கொண்டது. ஒரு முருகாயி ஏறியதும் ஜீப்பு கிளம்பிவிட்டது. இன்னொரு முருகாயி மழையில் தோட்டத்திலேயே நின்றார். அவருடைய மகள் தேடிய பிறகே தெரிந்தது. அவரை அழைத்துவர ஓட்டுநருடன் நானும் மலையேறினேன்.

"தலையை எண்ணத் தெரியாதாண்ணே?" என்று குளிரில் நடுங்கிக்கொண்டே முருகாயி ஓட்டுநரைத் திட்டினார்.

"தப்பு என்னுதுக்கா. வெரசா முடிஞ்சுச்சுன்னு சரிபார்க்காம அனுப்பிட்டேன்," என்றேன்.

"அம்புட்டு வெரசா முடிச்சுட்டு என்ன சோலி பாத்தீக?"

யோசித்துப் பார்த்தேன். அன்று எனக்கு வேறு வேலை எதுவும் இருக்கவில்லை.