கண்ணாடிக்காகச் செதுக்கிய தூண்

டெல்வினில் ஐஸ் ஹாக்கி ஆடியவர்கள் யாரைக் கேட்டாலும், சைமி லாத்தி பார்த்துக்கொண்ட பனித்தளத்தில் ஒரு மேடு பள்ளம் கண்டதில்லை என்றுதான் சொல்வார்கள். ஆனால் வெளியூர்க்காரர் யாராவது அரங்கத்துக்கு வந்தால், சைமி முதலில் காட்டியது பனியை அல்ல. வடக்குக் கோல் வலைக்குப் பின்னால், தளத்தைத் தேய்த்துச் சமமாக்கும் ஐஸ் வண்டி வந்துபோகும் பெரிய கதவை ஒட்டி ஒரு மரத்தூண் இருக்கிறது. அதன் வெளிப்பக்கம் ஓர் இரும்புப் பட்டை முடுக்கியிருக்கும்.

"இது என் தப்பு. தொட்டுப் பாருங்க" என்பாள். பதக்கத்தைக் காட்டுகிற குரலில் சொல்வாள்.

அரங்கத்தை அதற்குமுன் பார்த்துக்கொண்டவன் அவள் கணவன் வெய்க்கோ. ஓர் இலையுதிர்காலத்தில் அவன் திடீரென்று போய்ச் சேர்ந்தான். பனி போட வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அடக்கம் முடிந்த வாரமே சைமி அரங்கக் கமிட்டித் தலைவர் புரூனோ சாத்னிக்கின் கடைக்குப் போய், அந்த வேலையைத் தனக்குத் தரும்படி கேட்டாள்.

புரூனோ தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். "ஒரு சீசன் பார்ப்போம்மா. சரிப்பட்டு வரலேன்னா மனசுல வெச்சுக்கக் கூடாது."

அந்த ஒரு சீசன்தான் அவளுக்குக் கிடைத்தது. அதில் டெல்வின் பையன்கள் இறுதியாட்டம்வரை வந்துவிட்டார்கள். ஆட்டம் சொந்த ஊரில், சனிக்கிழமை.

அந்த வாரத்தின் தொடக்கத்தில், அவள் கொழுந்தன் ரெய்னோ ஐஸ் வண்டியைப் பின்னால் எடுத்தபோது அதன் இரும்பு மூலை கோலுக்குப் பின்னால் இருந்த பெரிய கண்ணாடியின் விளிம்பைத் தட்டியது. லேசாகத்தான் தட்டியது. கண்ணாடி முழுவதும் கல் உப்பு மூட்டை அவிழ்ந்தது போலக் கொட்டிப்போனது. பந்தயத்துக்குப் பொறுப்பான லீக் அதிகாரி போனில் சொன்னது ஒரே வாக்கியம்: வெள்ளிக்கிழமைக்குள் கண்ணாடி நிற்காவிட்டால் ஆட்டம் ராஸ்பியில். ராஸ்பிதான் எதிரணியின் ஊர்.

சைமி அளவெடுத்துக்கொண்டு தானே லாரியில் டுலூத் நகரத்துக்குப் போனாள். அங்கே கண்ணாடி ஆலையில் அவளுக்கான தகடு தயாராவதை நின்று பார்த்தாள். முதலில் அளவுக்கு வெட்டி விளிம்பைத் தேய்த்தார்கள். பிறகு உலை. கனன்று வெளியே வந்த தகட்டின் இரு பக்கமும் குளிர்காற்றைச் சீறவிட்டார்கள். காற்று பட்டதும் மேல்தோல் இறுகிவிடுகிறது. உள்பகுதி இன்னும் சூடாகவே இருக்கிறது. அது பின்னால் மெல்லக் குளிர்ந்து சுருங்கும்போது, முன்பே இறுகிப்போன தோலையும் சேர்த்து உள்ளே இழுக்கிறது. அதனால் தோல் எப்போதும் நெருக்கப்பட்டே நிற்கிறது. விரிசல் வளர வேண்டுமானால் தோல் விலகிக்கொடுக்க வேண்டும். அந்த நெருக்கம் விலக விடுவதில்லை. எதிரே ஓடிவந்து மோதும் ஆளையும் கண்ணாடி தாங்குவது அதனால்தான். ஆனால் ஒரு கீறல் தோலைத் தாண்டி உள்ளே போய்விட்டால், அடக்கிவைத்த இழுப்பு மொத்தமும் ஒரே நொடியில் அவிழ்ந்துவிடும்.

வியாழக்கிழமை கண்ணாடியைத் தூக்கி நிறுத்தினார்கள். இரும்புத்தூண் பக்கம் பள்ளத்தில் சரியாக இறங்கியது. மரத்தூண் பக்கம் அரை விரல்கடை நீட்டிக்கொண்டு நின்றது.

சைமிக்கு உடனே புரிந்தது. இரும்புத்தூணின் பள்ளம் ஆழம். மரத்தூணின் பள்ளம் மேலோட்டம். அவள் இரண்டையும் ஒன்றாகவே கணக்கிட்டிருந்தாள்.

ரெய்னோ கதவைச் சாத்திவிட்டு வந்தான். "அண்ணி, யாருக்கும் சொல்ல வேணாம். கொஞ்சூண்டு தேச்சு எடுத்துடறேன். ஜன்னல் கடையில நான் வெட்டாத கண்ணாடியா?"

"இது அந்தக் கண்ணாடி இல்ல."

"கண்ணாடின்னா கண்ணாடிதான். உங்க தப்புன்னு தெரிஞ்சா புரூனோ அடுத்த வருஷம் உங்கள விடமாட்டார். நான் உங்களுக்காகத்தான் சொல்றேன்."

அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் கொட்டகைக்குப் பின்னால் கிடந்த உடைந்த பிக்கப் வண்டியின் பக்கக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

"இதுவும் அதே ஜாதிதான். முதல்ல நடுவுல அடி."

ரெய்னோ ரப்பர் சுத்தியலால் அடித்தான். துள்ளியது, உடையவில்லை. இன்னும் ஓங்கி அடித்தான். கைதான் வலித்தது.

"பாத்தீங்களா, இரும்பு மாதிரி இருக்கு!"

"இப்போ உன் வெட்டுற வேலைய காட்டு. மூஞ்சிக்குக் கவசம் போட்டுக்கோ."

அவன் சாணைச் சக்கரத்தை விளிம்பில் வைத்தான். வைத்ததுதான் தெரியும். டப்பென்று ஒரு சத்தம். கண்ணாடி இருந்த இடத்தில் வெறும் காற்று, பூட்ஸுக்குள்ளெல்லாம் சிறுமணிகள். ரெய்னோ வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"சாத்தானே! எங்க போச்சு?"

"உன் சட்டைக்குள்ள" என்றாள் சைமி. அடக்கத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

அதன்பின் கடைக்கு போன் செய்து புரூனோவை வரச் சொன்னாள். கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரையும் அவர் கூட்டிக்கொண்டு வந்தார்.

"அளவு தப்பு. எடுத்தது நான்தான்" என்றாள். "கண்ணாடிய இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. தூணைச் செதுக்கப் போறேன்."

"ஊர்ப் பணத்துல நட்ட தூணும்மா அது. பலம் குறைஞ்சிடாதா?"

"குறையும். அதான் வெளியில பட்டை போடறேன். வேணும்னா நின்னு பாருங்க."

அவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் வெய்க்கோவின் உளியை எடுத்து, மேலிருந்து கீழ்வரை பள்ளத்தை ஆழப்படுத்தினாள். அவசரப்படவில்லை. ரெய்னோ மரத்தூளை ஊதித் தள்ளினான். புரூனோ முதலில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்; பிறகு விளக்கைப் பிடித்தார்; கடைசியில் கோட்டைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியின் ஒரு முனையைத் தூக்கினார். ரப்பர்ப் பட்டையோடு அது பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்ததும், சைமி தூணின் வெளிப்பக்கம் இரும்புப் பட்டையை முடுக்கினாள்.

சனிக்கிழமை, ஆட்டத்தின் கடைசிப் பகுதியில், ராஸ்பியின் மிகப் பெரிய ஆட்டக்காரனும் டெல்வின் பையன் ஒருவனும் பந்தயவேகத்தில் வந்து அந்தக் கண்ணாடிமேல் ஒன்றாக மோதினார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் காப்பியைக் கொட்டிக்கொண்டார்கள். கண்ணாடி வெளிப்பக்கம் வளைந்தது, நடுங்கியது, நிமிர்ந்தது. சைமி அப்போது தூணில் கைவைத்து நின்றிருந்தாள். நடுக்கம் மரத்தின் வழியாக அவள் தோள்வரை ஏறி அடங்கியது. டெல்வின் அன்று தோற்றது. ஆனால் சொந்த ஊரில் தோற்றது.

பனி உருகியபோது, புரூனோ வந்து சாவியைக் கேட்பார் என்று காத்திருந்தாள். அவர் வந்தார், வரும் சீசனில் தெற்குப் பக்கமும் கண்ணாடி மாற்ற வேண்டும், நீயே அளவெடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

பல வருஷங்களுக்குப் பிறகு சைமி இறந்தபோது, அடக்கத்தன்று காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் அரங்கத்திலேயே கொடுத்தார்கள். ரெய்னோ, தலை முழுவதும் நரைத்துவிட்டவன், வெளியூரிலிருந்து வந்தவர்களை ஒவ்வொருவராக வடக்கு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"இது எங்க அண்ணி தப்பு. தொட்டுப் பாருங்க" என்றான். கொஞ்சம் பொறுத்து, "கண்ணாடிய உடைச்சது நான்" என்றும் சொல்லிக்கொண்டான்.