கரீம் பாயின் நாலு தட்டு

கரீம் பாய் போய்விட்டார். நேற்று காலை பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில்தான் பார்த்தேன்...

வேளச்சேரி ஆபீஸில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து சீட். வெளிநாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கவிதை நோட்ஸ் எழுதுகிற வேலை. எங்கள் இருவர் தலையிலும் டேனிஷ் கவிதைகள்.

இரண்டு பேருக்குமே டேனிஷ் தெரியாது! கையில் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, காதில் யாரோ வாசித்த ஆடியோ. அவ்வளவுதான்.

பாய் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு டேபிளில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். டக் டக் டக் டக். எனக்கு மண்டையிடி. முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம்... ஹெச்.ஆருக்கு மெயில் போட்டேன். என் பெயர் வெளியே வர வேண்டாம் என்று வேறு கேட்டுக்கொண்டேன்.

அவரை டீ போடுகிற பேன்ட்ரி ஓரமாக மாற்றிவிட்டார்கள். டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, "வரேம்மா" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சே.

இரண்டே வாரத்தில் என் நோட்ஸ் ஒன்று திரும்பி வந்தது. கடலுக்குப் போன மகன் திரும்பாத கவிதை. சந்தம் பற்றி நான் எழுதியது முழுக்கத் தப்பாம். வேறு வழியில்லாமல் பேன்ட்ரி பக்கம் போய் நின்றேன். "கொஞ்சம் தட்டிக் காட்டுங்க பாய்."

"இன்னாம்மா நீ, எழுத்த எண்ணிக்கினு கீறே? காத வெச்சுக் கேளு."

டிபன் மூடியில் தட்டினார். வரிக்கு நாலு தட்டு. கடைசி வரியில் மட்டும் மூன்று. அந்த வரிக்கு இயைபும் இல்லை. 'கவிஞரின் பிழை' என்று நான் எழுதி வைத்திருந்த இடம்.

"தப்பு இல்லம்மா. புள்ள வரல இல்ல... அதான் ஒரு தட்ட வுட்டுட்டான். ஜோடியும் வெக்கல."

அப்படியே எழுதி அனுப்பினேன். பாராட்டு மெயில் வந்தது, எனக்கு. "தேங்க் யூ" என்று பதில் போட்டேன். பாய் பெயரை எங்கேயும் சொல்லவில்லை.

இன்று சிந்தாதிரிப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். என் பெயரைச் சொன்னதுமே அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானாம்மா அது? ஆபீஸ்ல ஆரோ சத்தம்னு எழுதிப் போட்டு அவர ஓரங்கட்டிட்டாங்க. நீ ஒருத்திதான் தேடிப் போயி, தட்டிக் காட்டுங்கன்னு கேட்டியாம். சொல்லிக்கினே இருப்பாரு."

அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அசிங்கமாக இருக்கிறது.

அந்த அம்மாவுக்கு ஃபேஸ்புக் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் இதை இங்கே எழுதுகிறேன்...

போய் வாருங்கள், பாய்.